அனுமந்தன்பட்டிக் கோயிலில் ஒரு தாலாட்டு

பிள்ளை அழும்போது அம்மா வயலினைக் கீழே வைக்க வேண்டுமா, வாசித்து முடிக்க வேண்டுமா? அனுமந்தன்பட்டிக்குப் போய்வந்து ஒரு வாரமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தேனியில் கம்பம் பஸ் ஏறினேன். மடியில் எட்டு மாத மகன், காலடியில் வயலின் பெட்டி. இருபத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும்.

"பிள்ளைக்கு டிக்கெட் வேணாம் ஆத்தா. அந்தப் பொட்டிக்குத்தான் ஒன்னு போடணும்" என்றார் நடத்துநர். அவர் கேலி செய்கிறார் என்று புரியாமல் காசை நீட்டிவிட்டேன். சின்னமனூர் தாண்டி வாழையும் தென்னையும் வந்தன. காற்று மகனுக்கு ஆகுமா என்று ஜன்னலை மூடித் திறந்ததில் பாதியைப் பார்க்கவில்லை.

நான் போனது ஆரோக்கியமேரி அக்காவுக்காக. மகன் குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது பார்த்துக்கொண்ட நர்ஸ். நான் கொடுத்த சேலையை அவர் வாங்கவில்லை. "வயலின் தெரியும்னியே, எங்க ஊர்க் கோயில்ல ஒரு நா வந்து வாசி. அது போதும்" என்றார்.

அவர் சொன்னது மாதா கோயிலை. பூசை ஒன்பது மணிக்கு முடிந்தது. மகனை முன்வரிசையில் அக்காவிடம் கொடுத்துவிட்டு, தேனி அல்லிநகரத்தில் எங்கள் வீட்டின் சின்ன அறையில் பழகியிருந்த வேகமான பாட்டை எடுத்தேன். முதல் வரியையே அந்த உயரமான கூரை பிடித்துவைத்துத் தாமதமாகத் திருப்பித் தந்தது. சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. நிறுத்திவிட்டு, தெரிந்த ஒரு தாலாட்டுக்கு மாறினேன். ஒரு வரி வாசித்து, அது அடங்கும்வரை வில்லைத் தூக்கிக் காத்திருந்து, அடுத்த வரி.

அந்த இடைவெளியில் மகன் அழுதான். அழுகை கூரைவரை போய்த் திரும்பிவர, தன் சத்தத்துக்கே பயந்து இன்னும் வீறிட்டான். வயலினைக் கீழே வைக்கப் போனேன். அக்கா எழுந்து, வாசி என்று சைகை காட்டிவிட்டு அவனோடு வெளியே போய்விட்டார். யாருக்காக வந்தேனோ அவரில்லாமல் வாசித்து முடித்தேன்.

வாசலில் அவர் தோளில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"லீவு நாள்லயும் உங்களுக்கு வேல வச்சுட்டேனே அக்கா."

"போடி கிறுக்கி. மூச்சுவிட மறந்து மறந்து எங்கள ஓடவச்ச பய இவன். இவன் அழுக மாட்டானான்னு நீயும் நானும் எத்தன நா நின்னோம்? இன்னைக்குக் கோயிலே அதிருது!" அவன் முதுகைத் தட்டினார். "ஏலே, என்னா தொண்டடா உனக்கு!" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வயலின் கேட்டுச்சாக்கா?"

"இங்கன நல்லாவே கேட்டுச்சு. எங்க வார்டு வராண்டாவுலயும் ஒரு நா வாசி. பிள்ளைய உள்ள விட்டுட்டுப் பெத்தவக அங்கனதான் பயந்துபோயி உக்காந்திருப்பாக."

சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது அதுவே கவலை. அந்த வராண்டாவில் தரையும் சுவரும் டைல்ஸ். ஒரு தட்டு விழுந்தாலும் மறுகோடிவரை கேட்கும். கதவுக்கு அந்தப் பக்கம் உள்ளங்கை அளவுப் பிள்ளைகள் தூங்க வேண்டும், இந்தப் பக்கம் அம்மாக்களுக்குக் கேட்க வேண்டும். வயலின் சத்தத்தை அவ்வளவு சிறிதாக்குவது எப்படி? இப்படிப்பட்ட இடங்களில் வாசித்தவர்கள் சொல்லுங்கள். அங்கே காத்திருந்த அம்மாக்களும் எழுதுங்கள்: அந்த நேரத்தில் உங்கள் காதில் என்ன விழுந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்?