மாமா போட்ட சென்டர்

பெங்களூரில் ஒரு பள்ளிக்கூட வாசலில், என் துப்பட்டாவைக் கழுத்தில் மாலை போலச் சுற்றிக்கொண்டு, சட்டைப்பையில் என் கம்மலும் கையில் என் வாட்ச்சுமாக நின்ற மாமாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் சோதனை செய்த பெண்மணி ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகக் கம்பிக்கு வெளியே நீட்ட, அவர் வாங்கி வாங்கித் தன் மேலேயே மாட்டிக்கொண்டார். சுற்றி நின்ற அப்பா அம்மாக்கள் எல்லாம் கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி முகத்தை வைத்திருந்தார்கள். மாமா மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில், இன்னும் கொஞ்ச நேரம் போனால் எனக்கே பெண் அலங்காரம் முடிந்துவிடும் போல என்று சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது கையை ஆட்டி, "தமிழ்ப் பேப்பர் கேளு, குடுப்பாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் பிறகு பல மாதம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. உத்தனப்பள்ளியில் பிறந்தவர். ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். காலையில் ஜூஜுவாடி, எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கும் அத்திப்பள்ளி, அதற்கு அப்பாலும் போய்த் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு வருவார், ஷிப்ட் முடிந்ததும் கொண்டுபோய் விடுவார். பஸ்ஸில் ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த பாஷையில் கிண்டல் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் வளர்த்து, கன்னடத்தில் முடிப்பார். நமக்கெல்லாம் மாநில எல்லை என்றால் வரைபடத்தில் இருக்கும் கோடு. அவருக்கு அது ஒரு வேகத்தடை, அவ்வளவுதான். தினமும் பஸ்ஸை மெதுவாக்கி ஏற்றி இறக்கிவிட்டுப் போகிற ஒரு மேடு.

அதனால்தான் அந்தத் தவறு நடந்தது. விண்ணப்பம் போட வேண்டிய நாளில் எனக்குப் பள்ளியில் செய்முறைத் தேர்வு. மாமாதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அவர் சிநேகிதரிடம் போய் உட்கார்ந்தார். தேர்வு சென்டர் சேலம் என்று போட்டால் தொப்பூர்க் கணவாயில் எனக்கு வாந்தி வரும், வாந்தி எடுத்த பெண் எப்படிப் பரீட்சை எழுதுவாள் என்பது அவருடைய கவலை. பெங்களூர் என்று போட்டால் அவரே கொண்டுபோய் விடலாம். போட்டுவிட்டார். அந்த மாநிலத்தைப் போட்டால் வினாத்தாள் மொழியில் தமிழ் வராது என்று அவருக்குத் தெரியாது. வராததைப் பார்த்ததும் அவர் சந்தேகப்படவும் இல்லை. "பெங்களூர்ல காய்கறி விக்கறவன்லேருந்து போலீஸ்காரன் வரைக்கும் தமிழ் பேசறான். பேப்பர் மட்டும் இல்லாம போயிடுமா? சும்மா இங்கிலீஷ்னு போட்டு வெச்சிருக்கான் பாப்பா." ஹால் டிக்கெட் வந்த அன்றைக்கும் இதையேதான் சொன்னார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த நான் பாதி நம்பினேன், பாதி பயந்தேன்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மையாகவே இருந்தது. என் அறையில் இருந்த கண்காணிப்பாளர் அம்மா அழகாகத் தமிழ் பேசினார். "இங்க தமிழ்ப் பேப்பர் கெடையாதும்மா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்று கேட்டார். தண்ணீர் கொண்டுவந்த ஆயா தமிழ். சன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ வண்டியை எடுக்கச் சொல்லித் திட்டியதும் தமிழ். என் முன்னால் இருந்த தாள் ஒன்றுதான் ஆங்கிலம். உயிரியலில் எனக்கு நன்றாகத் தெரிந்த உறுப்புகள் எல்லாம் வேறு யாருடைய உடம்பிலோ இருப்பது போலத் தோன்றின.

மதிப்பெண்ணை இங்கே சொல்லப்போவதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில்கூட எட்டாத மதிப்பெண் என்றால் போதும். முடிவு வந்த வாரத்தில் நான் பெரும்பாலும் தூங்கினேன். சோகத்தில் தூக்கம் வராது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, எனக்கு வந்துகொண்டே இருந்தது. அம்மா போனில் தம்பியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது தூக்கத்துக்கு நடுவே கேட்கும். "மூணு பாஷ பேசிக்கினு ஊரெல்லாம் சுத்தறியே, பொண்ணுக்கு எந்த பாஷையில பேப்பர் வரும்னு கேக்கத் தெரியலையா ஒனக்கு?" ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறியும் கதையுமாக வீட்டுக்குள் நுழைகிற மனிதர் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

என் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மெஷின் ஆபரேட்டர். எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பெண்கள் பாதிப் பேர் செல்போன் தயாரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். காலையில் பஸ் தெருமுனைக்கே வரும், சீருடை கொடுப்பார்கள், கேண்டீன் சாப்பாடு. அப்பா எனக்கும் அதைத்தான் யோசித்து வைத்திருந்தார். நான் திரும்ப எழுதுகிறேன் என்று சொன்னபோது ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு அம்மாவிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. "பேப்பரு மாறிப்போச்சுன்னா அவ என்ன செய்வா, பாவம். தமிழ்ல எழுதியிருந்தா எடுத்திருப்பால்லா. ஒரு வருசம் இருக்கட்டும்." எனக்குக் கிடைத்த ஒரு வருடம் இப்படித்தான் கிடைத்தது. அதாவது, மாமாவின் தவறு எனக்கு வாங்கிக் கொடுத்த வருடம் அது.

நான் கொஞ்சம் அவசரக்காரி. வருடம் கிடைத்ததும் மறுநாளே அதே தேர்வின் தமிழ் வினாத்தாளைத் தேடி எடுத்து, அச்சுப் போட்டு, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினேன். நான் எவ்வளவு எடுத்திருக்க வேண்டியவள் என்று எனக்கே காட்டிக்கொள்கிற ஆசை. ஆங்கிலத் தாளைப் பார்த்த பிறகு விடைகளைத் திறந்துகூடப் பார்க்காதிருந்ததால் நியாயமான போட்டிதான். உயிரியல் ஜம்மென்று ஏறியது. வேதியியல் கொஞ்சம் நகர்ந்தது. இயற்பியல் இருந்த இடத்திலேயே இருந்தது. விசை என்று தமிழில் போட்டிருந்தாலும் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டிப் பார்த்தேன். தமிழில் எழுதியிருந்தாலும் இடம் கிடைத்திருக்காது.

இதைப் புரிந்துகொள்ளக் கணக்குப் போட்ட நேரம் போதும். ஏற்றுக்கொள்ளத்தான் நாளாயிற்று. தோற்றுப் போனதுகூடப் பெரிதில்லை, தோற்றதற்கு ஒரு காரணம் இருக்கும்போது அதில் சாய்ந்து உட்காரலாம். அந்தக் காரணமும் போய்விட்டால் வெறும் தரையில் உட்கார வேண்டும். இன்னொரு பயமும் இருந்தது. நான் வாயைத் திறந்தால் மாமா தலை நிமிர்வார், ஆனால் அப்பா கொடுத்த வருடத்துக்கு அடியில் இருக்கும் கல் உருவப்பட்டுவிடும். திறக்காவிட்டால் எனக்கு வருடம் இருக்கும், மாமா எங்கள் வாசலை மிதிக்க மாட்டார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் டவுன் பஸ் ஏறி ஜூஜுவாடிக்குப் போனேன். இரண்டு ஷிப்டுக்கு நடுவே கம்பெனி பஸ்கள் எல்லாம் அங்கே ஒரு காலி இடத்தில் நிற்கும். டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். மாமா பக்கெட் தண்ணீரில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்து, முடியாமல், "சாப்ட்டியா?" என்றார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"என்னைத் தேத்தறதுக்கு சொல்ற."

"இல்ல மாமா. எழுதிப் பாத்தேன். பிசிக்ஸ் எனக்கு எந்த பாஷையிலும் வரல."

"எந்த பாஷையிலும்?"

"எந்த பாஷையிலும்."

அவர் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, நான் பார்த்தேன். வந்த வேகத்தில் போய்விட்டது. "இத உங்க அப்பாகிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. சொன்னா அவரு ஒன்ன கம்பெனிக்கு அனுப்பிடுவாரு. என் மேலயே இருக்கட்டும் பாப்பா. நான் இன்னா, உங்க வீட்டுல சம்பந்தம் பண்ணவா போறேன்? திட்டு வாங்கறதுதானே. பஸ் ஓட்டறவனுக்கு அது டீ மாதிரி, ஒரு நாளைக்கு நாலு வாட்டி."

அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை நான் மறைத்திருப்பேன். தன் தலையில் இருப்பதை இறக்கி வைக்கச் சொன்னால் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிற மனிதரிடம் என்ன செய்வது. அன்று சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோதே சொல்லிவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "இத சொல்லாட்டி இப்ப யார் அழுதாங்க?" என்றாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்து முடிந்த பிறகும். நான் மனதுக்குள் கம்பெனிச் சீருடை போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியில் அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏட்டி, அப்போ பிசிக்ஸ ஒனக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

அந்தக் கேள்வியை நான் மாமாவுக்குப் போனில் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் பஸ்ஸில் ஏறுகிறவர்களை எல்லாம் படியிலேயே மறிக்க ஆரம்பித்தார். "இவ்வளவு பேர் ஏறிக்கினு எறங்கறீங்க, ஒருத்தருக்கும் பிசிக்ஸ் தெரியாதா?" என்று மூன்று பாஷையிலும் கேட்டிருக்கிறார். கடைசியில் மாட்டியவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு இன்ஜினியர் அக்கா. மண்டியா பக்கத்துக்காரர். பத்தாவது வரை கன்னட வழியில் படித்தவர், தமிழ் சுத்தமாகத் தெரியாது. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் 'பல' என்பார், நான் 'விசை' என்று எழுதிக்கொள்வேன். அவர் 'வேகோத்கர்ஷ' என்பார், நான் பயந்து போய்ப் பார்ப்பேன், அவர் மாமாவைக் காட்டி, "நிம்ம மாவா பஸ் ஸ்டார்ட் மாடுவாக" என்பார். மாமா பஸ்ஸை எடுக்கும்போது எல்லாரும் பின்னால் சாய்வது நினைவுக்கு வரும், முடுக்கம் என்று எழுதிக்கொள்வேன். மாமா கறியும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அறையின் ஓரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "என்ன வெச்சிப் பாடம் நடத்தறாங்க, எனக்கு ஃபீஸ் இல்ல" என்பார். அம்மா அவரிடம் பேச ஆரம்பித்திருந்தாள், வெங்காயத்தைச் சின்னதாக நறுக்கச் சொல்லும் அளவுக்கு.

எல்லா ஞாயிறும் நன்றாகப் போனதாகச் சொன்னால் பொய். மாதிரித் தேர்வுகளில் ஏறும், அடுத்ததில் இறங்கும். தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்று, என்னோடு படித்தவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறும்போது சன்னலைச் சாத்திக்கொள்வேன். ஒரே பாடத்தை இரண்டாம் முறை படிப்பதில் ஒரு அலுப்பு உண்டு, முதல் முறை தெரியாது என்பதாவது புதிதாக இருந்தது. ஆனால் இப்போது எனக்கு எது வரவில்லை என்று தெரியும். அந்தத் தெளிவு ஆறுதல் இல்லை, ஆனாலும் காலையில் எழுந்ததும் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று அது சொல்லிவிடும்.

இரண்டாம் முறை சேலத்தில் எழுதினேன், தமிழ்த் தாளில். தொப்பூரில் வாந்தி எடுத்தேன், மாமாவின் கவலை வீண் போகவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய் எழுதினேன். இப்போது பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்ற குறை எனக்குக் கொஞ்சம் உண்டு. மாமாவுக்குக் கிடையாது. பல் வலி வந்தவனைக் கேள், யார் பெரிய டாக்டர் என்று சொல்லுவான் என்கிறார்.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும், "மொத வாட்டி என்னால போச்சி" என்றுதான் ஆரம்பிப்பார். நான் முதல் முறையே கிட்டத்தட்ட டாக்டர் ஆகிவிட்டவள், இவர் சென்டரை மாற்றிப் போட்டுக் கெடுத்துவிட்டார். அது அவர் கதை. நானும் திருத்துவதை நிறுத்தியிருந்தேன். என் பழைய மதிப்பெண்ணைத் தன் பெயரில் மாற்றி எழுதிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் எத்தனை தடவை சண்டை போடுவது.

போன விடுமுறையில் ஜூஜுவாடியில் டீக்கடையில் அவரோடு நின்றிருந்தேன். ஷிப்டுக்குப் போகிற ஒரு அக்கா, பேக்கிங் பிரிவில் வேலை, அவர் பஸ்ஸில் வருகிறவர், டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். மகளுக்கு அதே நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதாம், சோறு திங்க மாட்டேன் என்கிறாளாம். மாமா உடனே ஆரம்பித்துவிட்டார். பெங்களூர், சென்டர், இங்கிலீஷ் பேப்பர், எல்லாம் என்னால என்று. அந்த அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்க பொண்ணுக்கு அப்படி ஆச்சி. எம் பொண்ணுக்கு தமிழ்ப் பேப்பர்தான் குடுத்தாங்க, சென்டரும் இப்பல்லாம் கிருஷ்ணகிரியிலயேதான். எல்லாம் சரியாத்தான் நடந்துச்சி. அதான் அவளுக்கு சொல்லிக்கக்கூட ஒன்னும் இல்ல."

மாமா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கும் சொல்லிக்க ஒன்னும் இல்லக்கா" என்றேன். "இவரு சொல்றத நம்பாதீங்க. அதே பேப்பர தமிழ்ல எழுதிப் பாத்தேன், அப்பவும் வரல. பிசிக்ஸ் தெரியாது, அவ்ளோதான். அப்புறம் கத்துக்கிட்டேன்."

அந்த அக்கா என்னைப் பார்த்தார். உண்மையா என்று மாமாவைப் பார்த்தார். மாமா டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார், அத்தனை வருடத்தில் முதல் தடவையாக. அக்கா போனை எடுத்து அழுத்தி என் கையில் கொடுத்தார். "நீயே சொல்லும்மா. நான் சொன்னா அவ கேக்க மாட்டா."

அந்தப் பக்கம் அவர் மகள் போனை எடுத்தாள். பின்னால் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் எனக்கு அந்த நாட்களில் யாரும் கேட்காத, நான் மட்டுமே என்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான் வந்தது.

"உனக்கு எது வரல?"

மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "கெமிஸ்ட்ரி" என்றாள்.