தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு

என் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "சீவுவாள்" என்பேன். எதை என்றால் "உங்களைத்தான்" என்பேன். பொய் இல்லை. நோயாளியின் உடம்பிலிருந்து அரிசியளவு சதையை எடுத்து, பிசினில் ஊறவைத்து, கல்லாக இறுகச் செய்து அவளிடம் அனுப்புவார்கள். அவள் அதைக் கண்ணாடிக் கத்தியால் சீவுவாள். ஒரு தலைமுடியை ஆயிரம் ஏடாகப் பிரித்தால் ஒரு ஏடு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லிசு. அதை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு செல்லின் உள்வீடு மொத்தமும் தெரியும். இருபத்தொன்பது வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மின்விசிறி கூடாது, பக்கத்தில் யாரும் தும்மக் கூடாது. அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சீவுவாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் வெளியே நிற்க வேண்டியதுதான். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு 'ஷ்ஷ் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். "வாயாடிக்கு அக்கான்னு கூப்பிடுறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பாள். வாயாடி நான்தான்.

வீடும் அந்த அறை மாதிரியேதான். இரண்டு ரூம், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. நான் போனால் மட்டும் அலமாரியிலிருந்து இன்னொரு தட்டு இறங்கும். இரண்டு வரன் வந்தது, இரண்டும் தட்டிப்போனது, அதன் பிறகு யாரும் கேட்கவில்லை, அவளும் பேச்செடுக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். அதிலும் எனக்குப் புருஷன், இரண்டு பையன்கள் என்று கூட்டம் உண்டு.

மற்றவர்கள் சுவரில் பிள்ளைகுட்டிகள் தொங்குவார்கள். இவள் சுவரில் யார் யாருடைய செல்லோ கறுப்பு வெள்ளையில் தொங்கும். "இது யாரு, நம்ம வகையறாவா?" என்று வேண்டுமென்றே சீண்டுவேன். அவள் அசராமல் விளக்குவாள். சுற்றியிருக்கிற சவ்வு வாசல்காரர், வேண்டியதை விட்டு வேண்டாததைத் தடுப்பவர். நடுவில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் உட்கரு வீட்டுப் பெரியவர், என்ன எப்போது செய்ய வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அவரிடம். மடித்து அடுக்கிய துணி போல இருப்பது கோல்கை, செய்த சாமானைப் பொட்டலம் கட்டி அனுப்புகிற இடம். பழையதையெல்லாம் தின்று செரிக்கிற பை லைசோசோம். "ஓ, நம்ம பெரியப்பா" என்பேன். அப்போது மட்டும் சிரிப்பாள். ஒரு செல்லுக்குள் அத்தனை பேர் கூடி வாழ்கிறார்கள், அதைப் பார்க்கிறவளுக்கு ஒரு ஆள் கிடையாது. எனக்குப் பாவமாக இருக்கும்.

பாவம் பார்த்து என்ன பிரயோசனம்? போன மாதம் என் சின்னவன் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. முன்வரிசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலியைக் கடைசிவரை யாரையும் உட்கார விடாமல் காவல் காத்தேன். சம்பந்தியம்மா நாலு தடவை "உங்க அக்கா எங்கே?" என்றாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. மறுநாள் 'வாழ்த்துகள்' என்று ஒரே வார்த்தை வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று, கல்யாண வேலையெல்லாம் ஓய்ந்ததும் பஸ் ஏறினேன். ஆறு மணி நேரம் அந்த நாலு கேள்வியை நாற்பதாக வளர்த்துக்கொண்டே போனேன்.

நேராக அவள் வேலை செய்கிற இடத்துக்கே போனேன். வாட்ச்மேன், "மேடம், விளக்கு எரியுது, போகாதீங்க" என்றார். "எரியட்டும், எனக்கும்தான் எரியுது" என்று சொல்லிவிட்டுப் போனேன். கதவை ஒரே தள்ளு. அது சுவரில் போய் டமார் என்று மோதியது.

அக்கா தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். கை இடறி இயந்திரத்தின் சக்கரத்தை முரட்டுத்தனமாகத் திருப்பிவிட்டது. கர்ரென்று ஒரு சத்தம். அவள் கையிலிருந்த குச்சி ஒன்று கீழே விழுந்து எங்கோ உருண்டது.

"கல்யாணத்துக்கு வந்து நின்னியா?" என்று நான் ஆரம்பித்தேன்.

"கதவைச் சாத்து" என்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. நான் சாத்தினேன்.

லென்ஸில் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள். ஒன்றரை வயதுக் குழந்தை, இன்னும் தலை நிற்கவில்லை. தொடைச் சதை எடுத்து மூன்று பிசின் கட்டியாக அனுப்பியிருந்தார்கள். இரண்டில் வெறும் கொழுப்பு. மூன்றாவதில்தான் ஓரமாகக் கொஞ்சம் தசை. அதன் மைட்டோகாண்ட்ரியா கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்லுக்குள் தெம்பைச் சமைக்கிற அடுப்பு அது. அடுப்பு சரியாக எரியாவிட்டால் தசை எப்படித் தலையைத் தூக்கும்?

"இதுல பதில் கிடைக்கலைன்னா மறுபடி மயக்கம் குடுத்து அறுக்கணும். போன தடவையே மயக்கம் தெளிய ரெண்டு நாள் ஆச்சாம். டாக்டர் போன் பண்ணி, 'இது ஒண்ணுதான் இருக்கு, பாத்துக்கோங்க'ன்னு சொன்னார்."

"இப்ப... போயிடுச்சா?"

"நல்ல இடத்தைக் கத்தி தடிமனா பேத்துடுச்சு. தண்ணியில மிதந்த ஏடெல்லாம் நீ கதவைத் தள்ளின காத்துல சுருண்டுபோச்சு. கட்டியில ஒரு குண்டூசி முனை அளவு பாக்கி இருக்கு."

அடக் கடவுளே! "நான் வெளியே போயிடுறேன்க்கா" என்றேன்.

"போகாதே. மறுபடி கதவு திறந்தா மறுபடி காத்து. அந்த ஸ்டூல்ல உக்காரு. பேசாதே, அசையாதே, நான் சொல்ற வரைக்கும்."

பிறகு தரையில் குச்சியைத் தேடினாள். நுனியில் ஒரு கண்ணிமை முடி ஒட்டிய குச்சி அது. தண்ணீரில் மிதக்கிற ஏட்டை வேறு எதனாலும் தொட முடியாதாம், கிழிந்துவிடுமாம். குச்சி கிடைத்தது, முடி இல்லை. தன் இமையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு எல்லாம் கொட்டிப்போச்சு. உன்னோடதுல ஒண்ணு குடு" என்றாள். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி வெடுக்கென்று ஒன்றைப் பிடுங்கினாள். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் விரல் என் முகத்தில் பட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன், கணக்குத் தெரியவில்லை.

நகப்பூச்சு வைத்து முடியை ஒட்டினாள். காயும்வரை காத்திருந்தாள். பிறகு சீவ ஆரம்பித்தாள்.

இரண்டு மணி நேரம். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை, தூக்கத்தில்கூட உளறுவேன். சண்டை போட வந்தவள் சண்டைக்காரியின் முதுகைப் பார்த்துக்கொண்டு பொம்மையாக உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சைப் பிடிப்பாள், சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவாள், முகத்தைத் திருப்பி மூச்சை விடுவாள், மறுபடி பிடிப்பாள். மேஜையில் மூடிய சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. என் பின்னங்கழுத்து வலித்தது, கால் மரத்தது. இவள் இப்படித்தான் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறாள், நான் போனில் கத்தி முடித்து வைத்த பிறகும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது. மூக்கை உறிஞ்சக்கூடப் பயந்து அடக்கிக்கொண்டேன்.

நாலு ஏடு கிடைத்தது. சாயம் ஏற்றி, பக்கத்து இருட்டறைக்கு எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்தாள். பச்சைத் திரையில் மூன்று ஏட்டில் வெறும் பிசின். நாலாவதில் பாதி செல். ஓரத்தில் சவ்வு, நல்ல உருண்டை உட்கரு. பக்கத்தில் தசைநார் கொஞ்சம். பிறகு ஏடு முடிந்துவிட்டது. நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியா, அதுவும் பாதி வெட்டுப்பட்டு.

"இது ஒண்ணு போதாதா?" என்றேன்.

"ஒண்ணை வச்சு நல்லது கெட்டது சொல்ல முடியாதுடி." திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும், தெரியுமா? அப்பாகிட்டேருந்து வராது. உனக்குள்ள இருக்கிறதும் எனக்குள்ள இருக்கிறதும் ஒண்ணுதான், ரெண்டும் அம்மா குடுத்தது."

"என் பசங்களுக்கும் இருக்கும்ல?"

"இருக்கும். ஆனா அவங்க பிள்ளைங்களுக்கு அவங்க குடுக்க முடியாது. நம்மளோடது அத்தோட சரி."

விளக்கைப் போட்டாள். டாக்டருக்குப் போன் பண்ணினாள். நின்றுகொண்டே பேசினாள், "மன்னிச்சுக்கோங்க சார்" என்று மூன்று தடவை சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனை வைத்த பிறகு சிறிது நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு மறுபடி அறுவை. நான் தள்ளிய ஒரு கதவால். எந்த வாயால் நான் நியாயம் கேட்க? வளர்த்துக்கொண்டு வந்த நாற்பது கேள்வியும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னுதானே வந்தே?" அவளே கேட்டாள். "பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தேன்டி. புதுப்புடவை கட்டிக்கிட்டு வந்தேன். அங்கே எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. பயந்துபோய்த் திரும்பி வந்துட்டேன்."



அவள் அறிக்கைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். 'மாதிரி சேதம்' என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில், 'சீவியவரின் கைத் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" எனக்குப் பழைய தொண்டை திரும்பிவிட்டது. "இத்தனை வருஷத்துல உன்மேல ஒரு சொல் வந்ததில்லை. நான்தானே கதவைத் தள்ளினேன்? வாட்ச்மேன் சாட்சி இருக்கார். நான் வந்ததாலதான் கெட்டுப்போச்சுன்னு எழுது. எழுதுக்கா!"

அவள் பேனாவை மூடினாள்.

"இருபத்தொன்பது வருஷத்துல என்னைப் பாக்கணும்னு இந்த ரூமுக்கு வந்தவ நீ ஒருத்திதான்டி. அதைப் போய்த் தப்புன்னு நான் எப்படி எழுதுவேன்?"