நாத்தனார் ஓட்டிப் பார்த்த கற்கள்

எங்கள் வீட்டுப் படிக்கும் தெருவின் சிமெண்ட் சாலைக்கும் நடுவே வெறும் மணல்தான் இருந்தது. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தில் மணல் இல்லாத வாசல் ஏது? எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என் நாத்தனாருக்கு மட்டும் அது பெரிய தடை. குழந்தையிலேயே இரண்டு காலும் சூம்பிவிட்டவள் அவள். சக்கர நாற்காலியில் வீடு முழுக்கச் சுற்றுவாள். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணின் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை அவளுடையதுதான். ஆனால் வாசலுக்கு இறங்கினால் சக்கரம் புதைந்துகொள்ளும். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், ஏரியிலிருந்து திரும்பி வந்து தூக்கிக்கொண்டு போனால்தான் அவளுக்குத் தெரு.

இந்த வருஷம் இறால் நன்றாகக் கிடைத்தது. வாசலுக்குக் கல் பதிக்கலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். பொன்னேரியில் ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்து, பளபளக்கும் கல் ஒன்றைப் போனில் காட்டினார்.

“கல்யாண மண்டபம் மாரி இருக்கும் பாரு.”

நாத்தனார் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “போட்டோல இன்னா தெரியும்? நானும் வரேன். ஓட்டிப் பாத்துட்டுதான் சொல்லுவேன்.”

நாற்காலியை மடித்து ஆட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். வழியில் திருப்பாலைவனம் ஊரைத் தாண்டும் வரை அவள் தலை வெளியேதான் இருந்தது. வயலில் நாற்று நடுகிறவர்களுக்கெல்லாம் கையசைத்தாள்.

கடை முற்றத்தில் மாதிரிக்காக வகைவகையான கற்களைத் தரையில் பதித்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் முதலில் பேவர் பிளாக்கைக் காட்டினார். “லாரி ஏறினாலும் அசையாதும்மா.”

நாத்தனார் அதன் மேல் நாற்காலியை விட்டாள். இடுக்குக்கு இடுக்கு சக்கரம் டகடகவென்று குதித்தது. “ண்ணா, பல்லெல்லாம் ஆடுது!” என்று கத்தினாள்.

அடுத்தது பளபளக்கும் கல். ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி அதன் மேல் ஊற்றச் சொன்னாள். ஒரே தள்ளுதான். நாற்காலி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போக, என் வீட்டுக்காரர் பாய்ந்து பிடித்தார். “இதான் உன் கல்யாண மண்டபமா?” என்று கேட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

கரடான கடப்பா கல்லில் சக்கரம் நன்றாக ஓடியது. நான்தான் குறுக்கே பேசினேன்: “கறுப்புக் கல்லு வெயில்ல கொதிக்குமே. காலு சுடும்.”

“எனக்கா சுடப்போவுது?”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாங்கள் நிற்க, அவளே முதலில் சிரித்தாள். கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். “நெசந்தான் அண்ணி. நீ வெறுங்காலோட நடக்குறவ. வேற பாக்கலாம்.”

மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கல் இருந்தது. லேசான சொரசொரப்பு. தண்ணீர் ஊற்றி ஓட்டினாள், திரும்பினாள், வேகமாக வந்து சட்டென்று நிறுத்தினாள். குனிந்து, நனையாத பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். உச்சி வெயிலிலும் கை பொறுக்கிற சூடுதான்.

“இதான்.”

கொத்தனார் மணலை இடித்துக் கெட்டியாக்கி, படியை உடைத்துச் சரிவாக்கி, கல்லை நெருக்கமாகப் பதித்தார். நடுவில் பூ டிசைன் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அடம் பிடித்தார். “ஓரமா வெச்சுக்கோ, நான் போற வழியில வேணாம்” என்று தங்கை அனுமதி கொடுத்தாள்.

பூச்சு நன்றாகக் காய்ந்த மறுநாள் காலை, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், வீட்டில் அவளும் இல்லை, நாற்காலியும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். சிமெண்ட் சாலை போய் முடிகிற, படகுகள் வந்து சேரும் இடத்தில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே இருந்தாள். மடியில் நண்டு நிறைந்த பை. நண்டு விற்கிற அம்மாவிடம், “இதுல சதை எங்க இருக்குது? வெறும் ஓடு” என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் என்று முகமே சொன்னது.

எனக்கு மூச்சு வாங்கியது. “ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதா?”

“மீன் வாங்க வர்றதுக்கு இன்னாத்த சொல்றது அண்ணி? நீ சொல்லிக்கினா வர்ற?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் நாற்காலியின் பிடியில் கை வைத்தேன். கையை எடுக்கச் சொல்லிவிட்டு, அவளே உருட்டிக்கொண்டு அடுத்த கூடைக்குப் போனாள்.