ஓய்வு பெற அனுமதியில்லை

என் கணவர் கிராம நிர்வாக அலுவலர். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில்தான் கடைசி வேலை. ஓய்வு நாளன்று சால்வை போட்டு, நாலு பேர் புகழ்ந்து பேசி, கேசரி கைக்கு வந்த நேரத்தில் உத்தரவை நீட்டினார்கள். சஸ்பெண்ட், ஓய்வு பெற அனுமதியில்லை. கடைசி நாள் சாயங்காலம் வரை காத்திருந்து கழுத்தைப் பிடிப்பது அரசாங்கத்தில் பழைய வழக்கம். பாவிகள், கேசரியையாவது தின்ன விட்டிருக்கலாம்!

முந்தைய சீசனில் அவர் ஊரில் லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட் ஒன்று வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. தெரிந்தும் மேலே சொல்லாமல் மறைத்தார் என்பது குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் பென்சனே போய்விடும்.

என் தம்பிக்குச் சிவகாசியில் அச்சகம். மை சரியில்லை, மெஷின் சரியில்லை என்றால் நேரே நுகர்வோர் நீதிமன்றம் போவான், ஜெயித்தும் வருவான். எங்கள் வீட்டு ஆட்களுக்குத் தெரிந்த கோர்ட் அது ஒன்றுதான்.

"மச்சான், இம்புட்டு வருசம் ஒழைச்சிருக்கீக. பென்சனைப் பிடிச்சு வச்சா அது சேவைக் குறைபாடு. கேஸ் போடுவோம்" என்றான். நானும் தலையாட்டினேன். வாய்தா வாய்தாவாக இழுத்து, அரசு ஊழியர் அரசாங்கத்துக்கு நுகர்வோர் ஆகமாட்டார், இது இங்கே செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். கலெக்டர் ஆபீசில் ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். துறை விசாரணை பாக்கி, எங்களால் ஆகாது என்று அவர்களும் கைவிரித்தார்கள்.

அந்த மாதங்களில் எங்கேயாவது டமார் என்று கேட்டால் இவர் மொட்டைமாடிக்கு ஓடுவார். புகை எந்தத் திசையில் என்று பார்த்துவிட்டு இறங்குவார். சோறு இறங்காது.

கடைசியில் மதுரை வக்கீல் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "அங்கன எதுக்கும்மா போனீக? மத்திய அரசு ஆளுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் இருக்கு. நம்ம மாநிலத்துக்கு இருந்ததை மூடி எம்புட்டோ காலமாச்சு. உங்களுக்கு ஹைகோர்ட்தான்."

மதுரைக் கிளையில் ரிட் போட்டார். விசாரணையை மூன்று மாதத்தில் முடிக்க உத்தரவு வந்தது. அன்றைக்கு என் தம்பி அல்வா வாங்கி வந்தான்.

வக்கீல்தான் சிரிக்கவில்லை. "ஷெட் விசயத்தை மேல சொன்னீகளா?" என்று கேட்டார்.

"சொன்னேன் சார். போன்ல."

எழுத்தில் இல்லை. எங்கள் பக்கம் இதையெல்லாம் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதினால் யார் எழுதியது என்று மறுநாளே ஷெட்காரனுக்குத் தெரிந்துவிடும். அதனால் மேலதிகாரிக்கு ஒரு போன், அவர் "பாத்துக்கிறேன்" என்பார், அதோடு சரி.

போன வாரம் வக்கீல் கூப்பிட்டு, விசாரணை அதிகாரியாக யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவருக்குத்தான் நான் போன் போட்டது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, ஆளை மாத்தச் சொல்லி கோர்ட்டுல கேப்போம்! நீங்க சொன்னதைக் காதுல வாங்கினவரே எப்படிங்க விசாரிக்கலாம்?"

"கேக்கலாம். நான் சொன்னதுக்கு யாரு சாட்சின்னு ஜட்ஜ் கேப்பாக" என்றார். "அவரு ஒருத்தருதான சாட்சி."