நின்று போகும் வண்டி

கொதித்த எஞ்சினிலிருந்து வரும் பெட்ரோல் வாடை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை இறங்காது. போன மாதம் என் மருமகன் நடுச்சாலையில் வண்டியை ஓரங்கட்டி பானட்டைத் தூக்கியபோது அந்த வாடை வந்தது. வெளியே கார்களும் லாரிகளும் பறந்துகொண்டிருந்தன. நான் பின் சீட்டில் கைப்பையை மடியில் வைத்தபடி, ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் உப்பளச் சாலையில் உட்கார்ந்திருந்தேன்.

மருமகன் வாங்கியிருப்பது அவரைவிட வயதான வண்டி. கண்ணாடி பாதி வரைதான் ஏறும். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். ஹாரன் தனக்கு மனம் வந்தால் அடிக்கும். ஏன் இதைப் போய் வாங்கினீர்கள் என்று கேட்டால், "எங்கப்பா இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாங்க மாமி" என்பார். அதற்கு மேல் அவரிடம் காரணம் கிடையாது. இப்படிப்பட்டவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். துடைத்துப் பளபளவென்று வைத்து, வருடத்துக்கு ஒருநாள் வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு பைத்தியம் என்று வாய்விட்டுச் சிரிக்க எனக்கு ஆசைதான். ஆனால் எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். அவர் என் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த புதிதில், மாமா அந்த வண்டியை வாங்கினார். கறுப்பு நிறம், முதுகு வளைந்த சீமை வண்டி. ஓர் உப்பள முதலாளி பல வருடம் ஓட்டிக் களைத்து, புது வண்டி வந்ததும் கழித்துவிட்டது. கம்பெனிப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இன்றும் அதை வைத்துக் கொஞ்சுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதன் வியாதி ஒன்றே ஒன்றுதான். வெயில் ஏறியபின் கொஞ்ச தூரம் ஓடினால் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். தள்ளினாலும் கிளம்பாது, கம்பியைச் செருகிச் சுழற்றினாலும் கிளம்பாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆறப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். எங்கள் தெருவில் அதற்கு 'நின்னுபோற வண்டி' என்றே பெயர்.

அப்போது நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். மாமாவுக்கும் துறைமுகத்திலேயே சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிற வேலை, பெரும்பாலும் மதிய ஷிப்டு. காலையில் என்னைக் கொண்டுபோய் விடுவது தன் கடமை என்று அவராகவே எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போய்விடலாம். மாமாவோடு போனால் வாரத்தில் நாலு நாள் நடு உப்பளத்தில் நிற்போம். இரண்டு பக்கமும் பாத்தி, ஓலை மூடிய உப்புக் குவியல், கண்ணைத் திறக்க விடாத வெள்ளை வெயில். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. எங்கள் மேனேஜர் நாசரேத்துக்காரர், மணி பார்த்து மூச்சு விடுகிறவர். "உங்க மாமா வண்டிக்கும் ஒரு வருகைப் பதிவேடு போட்டுரலாமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்று முழுவதும் தட்டிய கடிதங்களில் பிழையில்லாதது ஒன்றுகூட இல்லை.

எனக்கு எரிச்சல் தந்தது வண்டி நிற்பதுகூட இல்லை. நின்றதும் மாமா நடந்துகொள்கிற விதம். மற்றவர்களாக இருந்தால் திட்டுவார்கள், சக்கரத்தை உதைப்பார்கள். இவர் நிதானமாக இறங்கி பானட்டைத் தூக்கிவிட்டு, எஞ்சினைப் பார்க்கக்கூட மாட்டார். சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை விரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கிளம்பியதும் மறுபடி ஒரு தடவை மணி பார்ப்பார். நான் அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்றுதான் பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் தனியாக அதே சாலையில் துறைமுகம் வரை போய்த் திரும்பி, நேரே பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டி, அங்கே வட்டமடித்து வீட்டுக்கு வருவார். வண்டியைச் சும்மா போட்டால் கெட்டுப்போகும் என்று காரணம் சொல்வார். ஏற்கெனவே கெட்டுப்போனதுக்கு இவ்வளவு கரிசனமா என்று நான் கேலி செய்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் அப்பா சங்கு குளிப்பவர். கல்லில் காலை ஊன்றிக் கயிற்றோடு கடலுக்குள் இறங்கி, மூச்சு தாங்கும் வரை அடியில் சங்கு பொறுக்கிவிட்டு, கயிற்றை அசைப்பார். தோணியில் கயிறு பிடிப்பவர் உடனே மேலே இழுக்க வேண்டும். எங்கள் கரையில் அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுப்பதில்லை. முத்துக் குளித்த காலத்திலிருந்தே முங்குகிறவனின் கயிறு அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனிடம்தான் இருக்கும். தன் அக்காளோ தங்கச்சியோ தாலியறுக்க எவனும் கை தளர்ந்து நிற்கமாட்டான் என்ற நம்பிக்கை. அப்பாவின் கயிறு மாமாவின் கையில் இருந்தது.

நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்த வருடம், ஒருநாள் அப்பாவை நினைவில்லாமல்தான் மேலே இழுத்தார்கள். மூச்சு மட்டும் இருந்தது. காற்று எதிராக இருந்ததால் தோணி ஊருக்கு வரவில்லை, தெற்கே துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த கரையில் ஒதுங்கியது. அளம் பார்க்க வந்திருந்த உப்பள முதலாளி தன் வண்டியைக் கொடுத்தார். முதலாளியின் டிரைவர் ஓட்ட, பின் சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். நடு உப்பளத்தில் வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. மறுபடி கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூச்சு அடங்கியிருந்தது. பார்த்த டாக்டர், "பத்து நிமிஷம் முந்திக் கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று சொன்னாராம். அந்தப் பத்து நிமிடம் எங்கே போனது என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. கயிறு லேட்டாக இழுபட்டது என்று சிலர் சாடையாகப் பேசினார்கள். மாமா அதன்பின் கடலுக்குப் போகவில்லை. அம்மா அதன்பின் மாமாவோடு பேசவில்லை. ஒரே தெரு, அடுத்தடுத்த வீடு. அவர் மீன் வாங்கிவந்து வாசலில் வைப்பார். அம்மா குழம்பு வைத்து என்னிடம் கொடுத்தனுப்புவார். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், மாமா வாங்கியது அதே வண்டி என்பது எனக்குத் தெரியாது. அதைச் சொன்னது மில்லர்புரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக் அண்ணாச்சி. மேனேஜர் அப்படிக் கேட்ட வாரத்திலேயே, சனிக்கிழமை மதியம், மாமாவுக்குத் தெரியாமல் நான் அங்கே போய் நின்றேன். அவர் கையைத் துடைத்தபடி சொன்னார்: "அது என்ன பெரிய சீக்காம்மா? பெட்ரோல் குழாய் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்துலயே போகுது. வெயில் ஏறினா உள்ள உள்ளது ஆவியாயிருது. குழாயத் தள்ளிப் போட்டா தீந்துச்சு, அரை நாள் சோலி. முதலாளிகிட்ட இருந்த காலத்துல இருந்தே இந்த வண்டிய எனக்குத் தெரியும். உங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதுலதான. உங்க மாமாகிட்டயும் மூணு மட்டம் சொல்லிட்டேன். அவருல்லா கை வைக்கக் கூடாதுங்காரு."

திங்கட்கிழமை வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குத் தலைக்கு மேல் கோபம்.

"அரை நாள் சோலியாம்லா மாமா. வேணும்னே இப்படி வச்சிருக்கீங்களா? எங்கப்பா செத்த வண்டியிலயா என்னை ஏத்திட்டுப் போறீங்க?"

அவர் உப்புப் பாத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "அன்னைக்கு இந்த எடத்துல பதினோரு நிமிசம் நின்னுச்சு. டாக்டர் பத்துதான் கேட்டாரு. இது நிக்கணும்ளா. சரி பண்ணிட்டா, பொறவு பழி போட என் கை மட்டுந்தான மிச்சம்?"

தினமும் கடிகாரத்தில் அவர் என்ன பார்த்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தப் பதினோரு நிமிடம் உண்மைதானா என்று தினமும் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்காகவே தோணியில் தனக்கிருந்த பங்கை விற்று அந்த வண்டியை வாங்கியிருக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. பிறகு மறுபடி உரிக்கத் தொடங்கினார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போது, அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே அந்த வண்டிக்குப் போய், பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். அப்பாவைக் கிடத்தியிருந்த சீட். நான் பின்னாலேயே ஓடிப்போய் முன்னால் ஏறிக்கொண்டேன். மாமாவுக்குச் சாவி போடக் கை வரவில்லை. துறைமுகம் வரை போய்த் திரும்பினோம். நடு உப்பளத்தில் வண்டி இருமி நின்றது. மாமா இறங்கி பானட்டைத் தூக்கப் போனார்.

"ஏலே, அதக் கெடக்க விடு. இங்கன வா."

ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு அக்காள் தம்பியைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மாமா கதவோரம் வந்து நின்றார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், முன் சீட்டின் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"அன்னைக்கு உனக்குக் காச்ச. மேலுக்கு முடியலக்கான்னு பாயில கெடந்த. வேற ஆளக் கூட்டிட்டுப் போறேன்னு அவுகளும் சொன்னாக. என் தம்பி கையில்லாத கயித்துல எறங்க விடமாட்டேன்னு நான்தாம்ல அடம் புடிச்சேன். போர்வைய உருவி உன்னை எழுப்பிவிட்டது நானு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தப் போர்வதான் தெரியுது. அதான் பேசல. வேற ஒண்ணும் இல்ல."

மாமா வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டார். வாய் கோணியது. பிறகு அவர் சொன்னதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

"கயிறு அசைஞ்சது அக்கா. அசைஞ்சது தெரிஞ்சது. எனக்குக் குளிர் காச்ச, கையெல்லாம் நடுக்கம். எது என் நடுக்கம், எது மச்சான் அசைச்சதுன்னு தெரியலையே அக்கா."

அம்மா கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். மாமா பின் சீட்டில் அக்காளின் மடியில் தலையைப் போட்டு அழுதார். நானும் அழுதேன், எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எஞ்சின் ஆறி வெகுநேரம் ஆகியும் யாரும் வண்டியைக் கிளப்பவில்லை. போகிற வருகிற மாட்டுவண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அம்மாதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வண்டியச் சரி பண்ணிருலே" என்றார்.

மெக்கானிக் அண்ணாச்சி சொன்னபடி அரை நாள்தான் ஆனது. அடுத்த ஞாயிறு மூன்று பேரும் துறைமுகத்திலிருந்து திரும்பினோம். வழக்கமான இடம் வந்தபோது மாமாவின் தோள் இறுகியது. வண்டி இருமவில்லை. உப்பளம் முடிந்தது, முதல் வீடுகள் வந்தன, பாலம் வந்தது, கடைகள் வந்தன. ஆஸ்பத்திரி வாசலில் போய் நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு, அந்தக் கட்டடத்தை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இம்புட்டுக் கிட்டத்துலயா அக்கா இருக்கு?" என்றார்.

"ஆமாலே. கிட்டத்துலதான்" என்றார் அம்மா.

மறுமாதம் மாமா வண்டியை விற்றுவிட்டார். நான் பஸ்ஸில் போய் வந்தேன், மேனேஜர் ஏமாந்துபோனார். மாமா பல வருடம் இருந்து, அம்மா இறந்ததற்கு அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். பக்கத்துப் பக்கத்துக் கல்லறை. வண்டி எங்கே போனதென்று தெரியாது.

மருமகனிடம் இதில் ஒன்றையும் நான் சொன்னதில்லை. போன மாதம் அவர் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றபோது, "குழாயத் தள்ளிப் போடச் சொல்லுங்க, நிக்காது" என்று மட்டும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நிமிர்ந்து, எரிச்சல் துளியும் இல்லாத முகத்தோடு, "எங்கப்பா வண்டியும் இப்படித்தான் மாமி அடிக்கடி நிக்கும். நாங்க ரெண்டு பேரும் ரோட்டோரமா உக்காந்து கத பேசிட்டிருப்போம். வேற எப்பவும் அவுக எங்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதில்ல" என்றார். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஆறட்டும், ஒன்றும் அவசரமில்லை என்றேன்.