பூசணிக்கு வைத்த பாணி

"புஸ்ஸ்ஸ்..."

குசினிக்குள், அடுப்படிப் பக்கமிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. முன்னறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஞானசவுந்தரியின் கைகள் அப்படியே நின்றன. எதிரே கதிரையில் இருந்த கணவன் நிமலனுக்கும் அது கேட்டது. இருவருமே குசினிப் பக்கம் திரும்பவில்லை.

"பிளாஸ்ரிக் கானின்ரை மூடி இறுக்கமாக் கிடக்குது போலை," என்றான் நிமலன். "நான் போய்த் தளர்த்தி விடட்டே?"

"நீங்கள் இருங்கோ!"

தன் குரல் இவ்வளவு உயரும் என்று அவளே நினைக்கவில்லை. நிமலன் எழும்பி, வாசல்வரை போய், திரும்பி வந்து, மறுபடி இருந்தான். பின்னேரம் முழுவதும் இப்படித்தான்.

கானுக்குள் இருந்தது பூசணிக்கான சாப்பாடு. தீவுக் கிராமமான நாரந்தனையில் அவர்களுடைய வளவில் மண் ஒரு சாண் ஆழம்தான், அதற்குக் கீழே கல். கிணற்றுத் தண்ணீரும் உப்புச் சவர். பூசணிக்கொடி நன்றாகத்தான் ஓடியது. பிஞ்சுகள்தான் விரலளவில் மஞ்சளித்து விழுந்தன. உரம் விற்கிற விலையில் அதை நினைக்கவும் முடியாது. கரும்பாலைக் கழிவுப்பாகை நொதிக்கவைத்து மண்ணுக்கு ஊற்றினால் மண் உயிர்க்கும் என்று போனில் ஒரு வீடியோவில் சவுந்தரி பார்த்தாள். தீவில் கழிவுப்பாகுக்கு எங்கே போவது? அலுமாரிக்குள் பழசாகிக் கிடந்த பனம்பாணியை ஊற்றினாள். அரிசி கழுவிய தண்ணீர், புளித்த மோர், தேயிலைச் சக்கை, இடித்த முட்டைக் கோது, அப்பத்துக்கு வாங்கி மிஞ்சிய ஈஸ்ட் எல்லாம் சேர்த்துக் கலக்கினாள். வெளியே வைத்தால் மாடு தட்டிவிடும் என்று குசினி மூலையில் வைத்தாள்.

இன்றைக்குத்தான் அது முழுதாகப் புளித்து மணத்தது. அந்த மணம் மூக்கில் ஏறியபோதுதான் பாவி மனுசிக்கு விளங்கியது. கசிப்புச் சாராயம் காய்ச்ச ஊறப்போடுகிற கோடாவின் மணம்! எத்தனையோ வருடங்களாக நிமலனின் சேட்டில் அவள் கண்ணீரோடு கசக்கிக் கழுவிய மணம். அதைத் தன் கையாலேயே கலக்கி வீட்டுக்குள் வைத்திருக்கிறாள்.

காதுகளாலேயே குடும்பம் நடத்தியவள் ஞானசவுந்தரி. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு பொழுதும் வாசல் படலைச் சத்தத்துக்குக் காத்திருந்தவள். படலை திறபடுகிற விதத்திலேயே அவன் எவ்வளவு குடித்திருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள் என்று ஊர் அவளைப் பகிடி பண்ணும். எப்படி இருப்பாள்?

மார்கழியில் நிமலன் இரத்தமாகச் சத்தி எடுத்தான். இனிக் குடித்தால் ஈரல் தாங்காது, ஆளைக் காப்பாற்ற முடியாது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். வீட்டுக்கு வந்தவன் முதலில் செய்த வேலை பூசணிக்குக் குழி வெட்டியதுதான். விடிய எழும்பி ஆண்பூவை முறித்துப் பெண்பூவில் தொட்டுவிடுவான். ஒரு பிஞ்சு விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் கொடிக்காகக் கலக்கியதை எந்த மனத்தோடு கொட்டுவாள்? கொட்டாமல் எப்படி இன்றைய பொழுதைத் தாண்டுவாள்?

படலை கிறீச்சிட்டது.

"தம்பி நிமலன்! என்னடாப்பா, றோட்டு மட்டும் மணக்குது!"

அப்புத்துரை. நிமலனுக்கு மேசன் வேலை பழக்கியவர், கிளாஸ் பிடிக்கப் பழக்கியவரும் அவர்தான். மனைவி செத்தபிறகு தனிக்கட்டை. கேட்டுக் கேள்வியில்லாமல் உள்ளே வந்து, மூக்கை நிமிர்த்தி ஒருமுறை இழுத்தார்.

"குருவை விட்டிட்டுத் தனியத் தொழில் தொடங்கியிட்டாய், என்ன?"

"அது பூசணிக்கு, அண்ணை," என்றாள் சவுந்தரி.

"பூசணிக்கோ? குடுத்து வச்ச பூசணி!"

"முட்டைக் கோதும் புளிச்ச மோரும் கிடக்கு. வயித்தாலை போகும்."

"இந்த வயிறு காணாததே, பிள்ளை? தள்ளி நில்லும்."

சவுந்தரி குசினி வாசலில் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். அப்போதுதான் பின்னாலிருந்து நிமலனின் குரல் வந்தது.

"விடும், சவுந்தரி. அண்ணைக்கு ஒரு கோப்பை குடும்."

அவள் விரித்த கைகள் தானாகக் கீழே விழுந்தன. அப்புத்துரை உள்ளே போய்த் தானே மொண்டு குடித்தார். முகம் சுளித்தார், இருமினார், பல்லில் சிக்கிய கோதைத் துப்பினார்.

"சாணி மாதிரிக் கிடக்கு. ஆனா ஏறும்!"

இன்னொரு கோப்பை மொண்டு வந்து நிமலனிடம் நீட்டினார்.

"பிடி. ஒரு மிடறு. ஒரு மிடறிலை ஆர் செத்தது?"

நிமலன் வாங்கினான்.

'வேண்டாம்' என்று சொல்லுவான் என்று சவுந்தரி எதிர்பார்க்கவில்லை. அந்தச் சொல்லை அவன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான், கோயிலிலும், இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட மகளின் தலையில் கைவைத்தும். ஒவ்வொரு தரமும் மறுநாளே குடித்தும் இருக்கிறான்.

கோப்பையின் விளிம்பால் வழிந்து அவன் விரல்களை நனைத்தது.

"ஏலாது, அண்ணை."

"என்ன, வேண்டாமோ?"

"வேண்டாமெண்டால் பொய். வேணும். இந்த மணத்துக்குப் பின்னேரத்திலையிருந்து நாக்கு ஊறுது. ஆனா ஏலாது."

கோப்பையை நிலத்தில் வைத்தான். குனிந்தவனுக்கு நிமிர நேரம் எடுத்தது.

"நீங்கள் எனக்குத் தொழில் தந்த ஆள். உங்களிலை எனக்குக் கோவமில்லை. இனி இந்த வீட்டை வராதேங்கோ."

"டேய்!"

"உங்களைக் கண்டால் எனக்கு இன்னும் குடிக்க ஏலும் போலை கிடக்கு, அண்ணை. அதுதான்."

வந்த ஆளை வராதே என்று சொல்வதா! நிமலனின் வாயில் இப்படியொரு சொல்லைச் சவுந்தரி இதுவரை கேட்டதில்லை. அப்புத்துரையின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. சாரத்தை மடித்துக் கட்டினார்.

"பூசணி காய்ச்சால்... ஒண்டு ஆரிட்டையும் குடுத்தனுப்பு," என்றார் வாசலில்.

"ஓம், அண்ணை."

படலை சாத்தும் சத்தம் கேட்டது. நிமலன் கதவடியில் நின்று, அவர் ஒழுங்கையில் திரும்புமட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருமுறை கதவில் கை வைத்தான், எடுத்தான்.

"என்ரை கை நடுங்குது, சவுந்தரி. நீர் சாத்தும்."

அவள் கண்ணைத் துடைக்காமலே வந்து கதவைச் சாத்தினாள்.