நூற்றுப்பத்து கிலோ

எடைமேடை அக்கா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாக அதை வயிற்றுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தவள் அவள்.

லாரிகளை எடைபோடும் இரும்பு மேடை அது. இந்தப் பக்கம் கேட், அந்தப் பக்கம் அவள் உட்காரும் கண்ணாடி அறை. மேடையில் எது ஏறினாலும் அறைக்கு மேலிருக்கும் பலகையில் சிவப்பாக எண் எரியும். தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். மேடை வழியாக நடந்தால் இருபது எட்டில் அறை வந்துவிடும். அக்கா மட்டும் சுவரோரமாகச் சுற்றி, லாரிச் சக்கரங்கள் குழப்பிய சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். தன் எடை ஊருக்குத் தெரிவதற்குச் சேறே மேல் என்று நினைத்தாள், பாவி மகள்.

ஏன் நினைக்கமாட்டாள்? டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பத்து டன்'. வீட்டில் அவள் சாப்பிட உட்கார்ந்தாலே கணவன், "நாற்காலி பாவம்" என்பான். கூடப்பிறந்த தங்கச்சியே கல்யாண போட்டோவில், "அக்கா, நீ பின்னாடி போய் நில்லு" என்றாள். எல்லாவற்றுக்கும் அக்கா சிரித்தாள். சிரிக்காவிட்டால், "விளையாட்டுக்குச் சொன்னா கோவிச்சுக்கிறியே" என்பார்கள். என்ன விளையாட்டோ, எப்போதும் ஒருத்தியே தோற்கிற விளையாட்டு!

போன வாரம் சேற்றில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முதலில் எடைதான் பார்த்தார்கள். நூற்றுப்பத்து என்று எழுதிய சீட்டை எட்டாக மடித்துப் பையின் அடியில் ஒளித்தாள்.

வியாழக்கிழமை பழைய இரும்பு லாரி ஒன்று வந்தது. ஏற்றிய இடத்துச் சீட்டைவிட நூறு கிலோ குறைந்தது. டிரைவர் எகிறிக் குதித்தான்.

"மிஷின் கோளாறு முதலாளி! எது ஏறினாலும் முதல் நூறு கிலோவை முழுங்கிடுது. உள்ள உக்காந்திருக்கிறவங்களும் சேர்ந்து முழுங்குறாங்க போல!"

வாசலில் காத்திருந்த வண்டிக்காரர்கள் கெக்கலி கொட்டினார்கள். முதலாளியும் உதட்டோரம் சிரித்துக்கொண்டார்.

"மிஷினைக் கெடுத்து வச்சிருந்தா நாளையிலிருந்து வர வேணாம்மா. வேற ஆளைப் போட்டுக்கிறேன்."

"எடைக்கல்லை வச்சுச் சோதிச்சுப் பாருங்க ஐயா."

"கல்லு சர்க்கார் முத்திரை போடப் போயிருக்கு. வர நாலு நாளாகும்."

நாலு நாள்! அதற்குள் அவளைத் திருடி என்றே ஊர் முடிவுகட்டிவிடும். வேலையும் போய், பெயரும் போய், அப்புறம் கல் வந்து என்ன பிரயோஜனம்? அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அவள் தலைக்கு ஏறியது.

"கல்லு எதுக்கு? நான் இல்லையா?"

நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். பையிலிருந்த சீட்டை எடுத்து முதலாளி கையில் அறைந்தாற்போல் வைத்தாள்.

"சத்தமா படிங்க."

அவர் தயங்கினார்.

"படிங்கன்னு சொல்றேன்ல!"

"நூத்திப்பத்து."

"வண்டியை இறக்குடா!" என்றாள் டிரைவரிடம். லாரி இறங்கியது. பலகையில் பூஜ்ஜியம். அக்கா மேடையில் ஏறி நட்ட நடுவில் நின்றாள்.

110.

ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பல்லைக் கழற்றியிருப்பாள்.

"முழுங்குச்சா? ஒரு கிலோ முழுங்குச்சாடா? நல்லா பாருங்கடா எல்லாரும்! இந்த உடம்புதான் ரெண்டு பிள்ளை பெத்துச்சு. வெயில்லயும் மழையிலயும் வந்து உங்களுக்குச் சீட்டுப் போட்டுச்சு. இதைப் பாத்துச் சிரிச்சீங்க. கூடச் சேர்ந்து நானும் சிரிச்சேன் பாரு, அதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்!"

குரல் உடைந்தது. ஆனாலும் தலை குனியவில்லை.

முதலாளி டிரைவர் பக்கம் திரும்பினார். "வழியில எங்கடா இறக்கினே?" அவன் லாரிப் பக்கமாக நழுவப் பார்த்தான்.

"சரிம்மா, இறங்கு. அடுத்த வண்டி நிக்குது."

"நிக்கட்டும்," என்றாள் அக்கா. பலகையை அண்ணாந்து பார்த்தாள். இந்த எண்ணை மறைக்கவா இத்தனை வருஷம் சேறு மிதித்தோம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

சாயங்காலம் மேடை மேலேயே நடந்து வீட்டுக்குப் போனாள். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் கணவன் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"நாற்காலி பாவம்."

"நாற்காலி நான் வாங்கினது. அவ்வளவு பாவமா இருந்தா நீ எந்திரிச்சுத் தரையில உக்காரு," என்று சொல்லிவிட்டு, அக்கா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.